அத்தையின் ரத்தம்

புளியைக் கரைக்கும் முன் ஒருமுறை தண்ணீரில் அலசிவிடுவது நல்லது. யாரும் செய்வதில்லை. அலசினால் புளிப்பு இறங்கிவிடும் என்கிறார்கள். அப்படி இறங்காது. ஒருமுறை அலசி, அந்தத் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள். அதன் பிறகு அலசாத புளியில் குழம்பு வைக்க உங்களுக்கு மனம் வராது.

பாப்பாரப்பட்டியில் நான் வாழ்க்கைப்பட்ட வீடு புளி வீடு. அதனால்தான் இது எனக்குத் தெரியும். தீர்த்தம்மாள் என் அப்பாவின் அக்கா. எனக்கு அத்தை, மாமியாரும் அவர்தான். மரத்தில் காய் தொங்கும்போதே விலை பேசி, பழுத்ததும் உலுக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து ஓடு உடைத்து, கொட்டை தட்டி எடுத்து, மண்டிக்கு அனுப்புவார். மாசி, பங்குனி வந்துவிட்டால் எங்கள் வீட்டில் தொட்ட இடமெல்லாம் பிசுபிசுக்கும். கதவு, சொம்பு, கட்டில் கயிறு, தலையணை உறை, எல்லாம். ஈ வந்து உட்கார்ந்தால் எழுந்து போகாது. புளிக்குள் நெளிகிற வெள்ளைப் புழுவை அத்தை விரல் நகத்தால் சுண்டிவிட்டு, அதே விரலால் எனக்குத் தலை வாரிவிடுவார்.

என்னை ஒன்பதாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். மூன்று வருஷம் வீட்டில் சும்மா இருந்தேன். பிறகு அத்தை மகன் மாயவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நான் அதிகம் பேச மாட்டேன். வந்தவர்கள் முன்னால் நிற்கவும் மாட்டேன். அத்தைக்கு அது பெரிய வேடிக்கை. "எங்க வூட்டுக்கு ஒரு மருமக வந்திருக்குது, ஆளு இருக்குதா இல்லையான்னு கை விட்டுத் துழாவிப் பாக்கணும்" என்று கொட்டை தட்ட வருகிற பெண்களிடம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கும்போது புகையிலை எச்சில் தெறிக்கும். எதிரில் இருப்பவர்கள் அதைத் துடைத்துக்கொள்ளக்கூட மாட்டார்கள். நான் மட்டும் துடைத்துக்கொள்வேன்.

அத்தை என்னை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. சீர் கேட்டதும் இல்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை. அவர் என்மேல் உயிராக இருந்தார். அவருடைய பிரியம் ஈரமாக இருந்தது. எனக்கு இருந்த சிரமம் அவ்வளவுதான்.

என் கன்னத்தில் கரி இருந்தால் முந்தானையை நாக்கில் நனைத்துத் துடைத்துவிடுவார். குழம்பைக் கரண்டியில் எடுத்து நக்கிப் பார்த்து, உப்புப் போதும் என்று அதே கரண்டியைப் பானைக்குள் போடுவார். புளி வாங்க வந்தவர்கள் முன்னால் ஒரு சுளையை வாயில் போட்டு உருட்டி, உள்ளங்கையில் துப்பி, திரும்பக் குவியலிலேயே அமுக்கி வைப்பார். "நாக்குல வெக்காம வியாபாரம் ஏதுடி" என்பார். அவர் கட்டிலுக்கு அடியில் ஒரு கொட்டாங்குச்சி இருக்கும். இரவெல்லாம் அதில் துப்புவார். காலையில் அதைக் கொண்டுபோய்க் கொட்டுவது என் வேலை. அது கோழை கட்டி, கொட்டினாலும் விழாது. விரலை விட்டு வழித்துத்தான் எடுக்க வேண்டும்.

சாப்பிடும்போது தன் தட்டிலிருந்து களியை உருட்டி, குழம்பில் தோய்த்து, "வாயைத் திறடி கண்ணு" என்று எனக்கு ஊட்டுவார். அவர் விரல் என் பல்லில் இடிக்கும். நான் விழுங்குவேன். பிறகு கொல்லைக்குப் போய் வாந்தி எடுப்பேன். முதல் தடவை வாந்தி எடுத்தபோது அத்தை பார்த்துவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க எனக்குப் பிள்ளை உண்டாகியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் மாங்காயோடு வந்துவிட்டாள்.

நான் துணிக்குப் போடுகிற சோடா உப்பில் கை கழுவ ஆரம்பித்தது அப்போதுதான். தோல் வெடித்து, வெள்ளை பூத்தது. அத்தை என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"தவளைக்குப் பொறந்தவளே. கழுவிக் கழுவி ரேகையே போயிருச்சே. இனி எந்த ஜோசியக்காரன் உனக்குக் கை பாப்பான்?"

சொல்லிவிட்டு, வெடிப்புக்கு நல்லது என்று விளக்கெண்ணெயைத் தன் கையால் தேய்த்துவிட்டார்.

அவருக்கு நோய் வந்தது எண்பத்து நாலாம் வருஷத்தில். வந்தது என்று ஒரு நாளைச் சொல்ல முடியாது. முதலில் கணக்குத் தடுமாறியது. பேசி முடித்த மரத்தை மறுபடி பேசப் போய் நின்றார். பிறகு குரல் தடித்தது, ஆண்பிள்ளை பேசுவதுபோல. முகம் உப்பியது. புருவத்தின் ஓரத்து முடி உதிர்ந்தது. சித்திரை வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டதற்குப் பதில் சொல்ல, நாம் கேட்டதையே மறந்துபோகிற அளவுக்கு நேரம் எடுத்தது. பிறகு பதிலும் நின்றது. அறுபது தாண்டினால் சிலருக்கு அப்படித்தான் என்றாள் பெரியம்மாள். யாரோ செய்வினை என்றார்கள். என் வீட்டுக்காரர் அதற்கும் போய் எலுமிச்சம்பழம் அறுத்துவிட்டு வந்தார்.

அந்த இரண்டு வருஷத்தைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அத்தை புகையிலை கேட்க மறந்துபோனார். துப்ப மறந்துபோனார். கொட்டாங்குச்சியை நான் அடுப்பில் போட்டு எரித்தேன். அவருக்கு வேர்ப்பதும் நின்றுவிட்டது. அக்குள்கூட உலர்ந்து கிடந்தது. தோல் மீன் செதில் மாதிரி உரிந்து பாயில் கொட்டும். நான் தினமும் காலையில் பெருக்கி அள்ளுவேன். அதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. உலர்ந்த அழுக்கு வேறு. அது விளக்குமாற்றுக்குக் கட்டுப்படும்.

உட்கார் என்றால் உட்கார்ந்தார். வாயைத் திற என்றால் திறந்தார், நான் கொப்பளிக்க வைத்தேன். நகம் வெட்டிவிட்டேன், தலையை ஒட்ட வெட்டிவிட்டேன். புளி வியாபாரத்தைப் பின்பக்கத்துக் கொட்டகைக்கு மாற்றச் சொன்னேன், வீட்டுக்காரர் மாற்றினார். வீட்டைக் கழுவி விட்டேன். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக என் வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டேன். வருகிறவர்கள் எல்லாரும் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, நோயாளி இருக்கிற வீடு மாதிரியே இல்லை என்றார்கள்.

என் வீட்டுக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் அத்தை முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "அம்மா, நான் யாரு?" என்று கேட்பார். அத்தை அவரை ஒரு சுவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போவார். அப்பா சின்ன வயதில் போனபின் அவரை வளர்த்தது அந்த அம்மா ஒருத்திதான். கடைசியாகத் தர்மபுரியில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம்.

டாக்டர் அத்தையை நாற்காலியில் முட்டி போடவைத்து, குதிகாலுக்கு மேலே ரப்பர் சுத்தியால் தட்டினார். பாதம் சட்டென்று உதைத்தது. பிறகு மெல்ல, மெல்ல, தூக்கத்தில் அசைவதுபோல இறங்கியது.

"பாத்தீங்களா, போன கால் திரும்பி வர எவ்வளவு நேரம் எடுக்குது" என்றார் டாக்டர். "இது வயசுக் கோளாறு இல்லைங்க. தொண்டையில ஒரு சுரப்பி இருக்குது. அது சுரக்கிறது ரத்தத்துல குறைஞ்சா உடம்பும் மந்தமாகும், புத்தியும் மந்தமாகும். ரத்தம் எடுத்து பெங்களூருக்கு அனுப்பலாம். அதுதான்னு தெரிஞ்சா தினம் ஒரு மாத்திரை. பழையபடி ஆயிடுவாங்க."

"நெசமாவா சார்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பழையபடின்னா?" என்று நான் கேட்டேன். ஒரு வெளி ஆளிடம் நானாக வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டர் சிரித்தார். "பழையபடின்னா பழையபடிதாம்மா. பேச்சு, சாப்பாடு, வேர்வை, மாமியார் சண்டை, எல்லாம் வரும்."

ரத்தம் எடுக்கிற இடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. அப்துல் சுபான் என்று ஒரு பெரியவர் வைத்திருந்தார். வெளி ஆண்களுக்கு முகம் காட்டாத கோஷாப் பெண்கள் அதிகம் வருவதால் அறைக்கு நடுவில் பச்சைத் துணியில் ஒரு திரை கட்டியிருந்தார். அதில் முழங்கை உயரத்தில் ஒரு பிளவு வெட்டி, ஓரம் தைத்திருந்தது. பெண்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தப் பிளவு வழியாகக் கையை நீட்ட வேண்டும். அவர் இந்தப் பக்கமிருந்து ஊசி போட்டு எடுப்பார். நீட்டுகிற கையை மட்டும்தான் அவர் பார்ப்பார். துலுக்க வீடு, இந்து வீடு என்ற பேதமெல்லாம் அவருக்கு இல்லை. "எல்லார் வூட்டுப் பொண்ணுகளும் ஒண்ணுதானுங்களே" என்றார். ஆண்கள் திரைக்குப் பின்னால் வரக் கூடாது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். உள்ளே சுபானின் மனைவி ஜான் பீ இருந்தார். அவர்தான் அத்தையின் கையில் ரப்பர் குழாயைக் கட்டி, கையைப் பிளவுக்குள் விட்டார்.

"யா அல்லா, என்னங்க ஆயா இது" என்று அந்தப் பக்கமிருந்து சுபான் சொன்னது கேட்டது. "இந்த வெயில்ல கை ஐஸ் கட்டி மாதிரி இருக்குது."

பெங்களூரிலிருந்து பதில் வந்தது. டாக்டர் நினைத்ததுதான். அந்தச் சுரப்பு ரத்தத்தில் இல்லை என்றே சொல்லலாமாம். சின்ன வெள்ளை மாத்திரை, வெறும் வயிற்றில், தினம் ஒன்று. கொடுக்கிற பொறுப்பு என்னுடையது. நானும் கொடுத்தேன். ஒரு நாள் தவறாமல் கொடுத்தேன். அத்தை நன்றாக வேண்டும் என்றுதான் அப்போது நானும் நினைத்திருந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

முதலில் வந்தது வேர்வை. ஒரு மத்தியானம் மூக்குக்குக் கீழே முத்து முத்தாக நின்றது. "அம்மாவுக்கு வேர்க்குது பாஞ்சாலி!" என்று என் வீட்டுக்காரர் கத்திக்கொண்டு ஓடிப் பெரியம்மாளைக் கூட்டிவந்து காட்டினார். இரண்டு பேரும் குழந்தைக்குப் பல் முளைத்ததைப் பார்ப்பதுபோல அதைக் குனிந்து பார்த்தார்கள். நான் துண்டை எடுத்துத் துடைத்தேன். திரும்ப வந்தது.

ஆடியில் ஒரு நாள் அத்தை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார்.

"ஏண்டி, வூட்டுல புளி வாசனையே காணோம். யாரு செத்தா?"

என் வீட்டுக்காரர் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். அத்தை அவர் தலையைத் தடவினார். "என்னடா மாயா, வழுக்கை விழுந்திருச்சு. நான் அசந்த நேரத்துல கெழவனாயிட்டியே" என்றார். மூன்று பேரில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பிறகு என்னிடம் சொன்னார்: "கெணத்துக்குள்ள கெடந்த மாதிரி இருந்துச்சுடி. மேல நீங்க பேசுறதெல்லாம் கேக்கும். பதில் சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும். வாய் தொறக்காது. நீ குளிப்பாட்டுனது, நகம் வெட்டுனது, எல்லாம் தெரியும். எஞ்சாமி, நீதான்டி என்னைப் பெத்தவ."

சொல்லிக்கொண்டே என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, நெற்றியில், கன்னத்தில், கண்ணில் முத்தம் கொடுத்தார். கண்ணீர், மூக்குநீர், வாய்நீர் எல்லாம் சேர்ந்து என் முகத்தில் வழிந்தது. அன்றைக்கே புகையிலை கேட்டார். சாயங்காலம் கொட்டகைக்குப் போய் ஒரு சுளையை வாயில் போட்டு உருட்டி, துப்பி, குவியலில் அமுக்கினார். இரவு சாப்பிடும்போது களியை உருட்டி என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"வாயைத் திறடி கண்ணு. எத்தனை நாளாச்சு."

என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

மறுநாள் காலையில் நான் மாத்திரையைக் கொடுக்கவில்லை. சாக்கடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். யோசித்துப் பார்த்தால், நான் எதையும் செய்யவில்லை. ஒன்றைச் செய்யாமல் விட்டேன். விஷம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எதையும் நான் மனதால்கூட நினைத்ததில்லை. கிணற்றைப் பற்றி அத்தை சொன்னதை யோசித்தேன். ஆனால் கிணற்றுக்குள் ஒருவருக்கு என்ன குறை இருக்க முடியும்? குளிர்ச்சியாக, அமைதியாக இருக்கும்.

மாத்திரை நின்றதும் உடனே ஒன்றும் ஆகவில்லை. பிறகு மெல்ல வேர்வை நின்றது. எனக்குச் சாப்பாடு இறங்கியது. இந்த முறை ஒரு வித்தியாசம். தான் போய்க்கொண்டிருப்பது அத்தைக்கே தெரிந்தது. ஒரு நாள் அடுப்படிக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாஞ்சாலி, மறுபடியும் மங்கலா வருதுடி. வேணும்னா மாத்திரையை ரெண்டா குடுத்துப் பாரேன்."

"டாக்டர் ஒண்ணுதான் சொல்லியிருக்காருங்க அத்தை."

"சரி கண்ணு. நீ சொன்னா சரிதான்."

அதற்குப் பிறகு அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

கார்த்திகையில் என் வீட்டுக்காரர் மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் குதிகாலில் தட்டிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"மாத்திரை விடாம குடுக்கிறீங்களா?"

"இவ கடிகாரம் மாதிரிங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர். "எனக்குச் சோறு போட மறந்தாலும் மறப்பா, அம்மா மாத்திரையை மறக்கமாட்டா."

"இருக்கட்டும். மறுபடி ரத்தம் எடுங்க. மாத்திரை உள்ள போகுதா இல்லையான்னு அது சொல்லிடும். பனிக்காலம் வருது, குளிர்ல மட்டும் விட்டுடாதீங்க. இந்த உடம்பு குளிர் தாங்காது."

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். ரத்தம் சொல்லும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. மாத்திரை உள்ளே போகவில்லை என்று அத்தையால் சொல்ல முடியாது. அவர் கையில் ஓடுகிற ரத்தம் சொல்லிவிடும். என் வீட்டுக்காரர் முன்னால் நான் நிற்க வேண்டும். கூட்டத்தின் முன்னால் நிற்கவே எனக்கு வராது. அவர் என்னைப் பார்க்கிற பார்வையை நினைத்தபோது, தெருவிலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

சுபானின் இடத்தில் அன்று ஜான் பீ இல்லை. மகள் பிரசவத்துக்காகக் கம்பைநல்லூர் போயிருந்தார். "நீங்களே குழாயைக் கட்டிடுங்கம்மா, முழங்கைக்கு மேல, இறுக்கமா" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து சுபான் சொன்னார். நான் திட்டம் போட்டு வந்தவள் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. ஜான் பீ ஊருக்குப் போனது எனக்கு எப்படித் தெரியும்?

என் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். திரைக்குப் பின்னால் நானும் அத்தையும் மட்டும் இருந்தோம். அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து, திரையின் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் இடது கையிலிருந்த கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். விதவையின் கையில் வளையல் இருக்காது. கழற்றி என் மடியில் வைத்தேன். சத்தமே வரவில்லை. ஆனால் அத்தை பார்த்துவிட்டார். அவர் வாய் மெல்ல, மெல்ல அசைந்தது. தடித்த குரலில் சொன்னார்:

"வளையலை... கழட்டாத கண்ணு. மாயவன் இருக்கான்."

நான் மடியிலிருந்த வளையல்களைக் கையால் பொத்தினேன்.

"இருக்காருங்க ஆயா, உங்க மகன் வெளியதான் நிக்கிறாரு" என்று சுபான் அந்தப் பக்கமிருந்து சத்தமாகச் சொன்னார். முன்பாதி அவர் காதில் விழவில்லையோ, விழுந்தும் கிழவியின் பிதற்றல் என்று விட்டுவிட்டாரோ, எனக்குத் தெரியாது. "பயப்படாதீங்க. கையை நீட்டுங்க."

நான் ரப்பர் குழாயை என் கையில் சுற்றி, ஒரு நுனியைப் பல்லால் கடித்து இறுக்கி, பிளவுக்குள் நீட்டினேன். சுபானின் விரல்கள் என் தோலைத் தொட்டன. சோடா உப்பில் வெடித்த தோல்.

"அட, கை சூடு வந்திருச்சே ஆயா!" என்றார் சுபான். அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "தோலு இன்னும் சொரசொரன்னுதான் இருக்குது. அதுவும் போயிடும். மாத்திரை நல்லா வேலை செய்யுதுங்க."

ஊசி இறங்கியது. நான் அசையவில்லை. எடுத்து முடித்ததும் கையை இழுத்துக்கொண்டேன். ஊசி குத்திய இடத்தில் ஒரு பொட்டு ரத்தம் நின்றது. அத்தை அதைப் பார்த்தார். என் கையைத் தன் குளிர்ந்த கையால் பிடித்துத் தன்னிடம் இழுத்தார். தன் ஆள்காட்டி விரலை வாய்க்குள் விட்டு, அந்த உலர்ந்த வாயிலிருந்து எப்படியோ கொஞ்சம் எச்சிலைச் சேர்த்தெடுத்து, அந்தப் பொட்டின் மேல் வைத்துத் தேய்த்தார்.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

தான் யார் என்பதே அவருக்கு அப்போது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எங்கிருந்து அது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வளையலை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டுக் குழாயில் நான் கையைக் கழுவினேன். ஒரு பஸ்ஸை விட்டுவிட்டோம். ஊருக்கு வந்து கிணற்றடியில் மறுபடி கழுவினேன். ஊசி குத்திய இடம் சீழ் கட்டியது. இதில் யார் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

பதில் வந்தபோது டாக்டர் நெடுநேரம் தாளையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரத்தத்துல ஒரு குறையும் இல்லைங்க. சொல்லப்போனா சின்ன வயசுப் பொண்ணு ரத்தம் மாதிரி இருக்குது."

"அப்புறம் ஏன் சார் என்னைத் தெரியல?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ரத்தம் தேறிடுச்சு, மூளை தேறலைங்க. ரெண்டு வருஷம் கவனிக்காம விட்டதுல உள்ள கெட்டுப்போயிருக்கும். இல்லைன்னா இது வேற மூளை நோய். மாத்திரையை இதே அளவுல நிறுத்தாம குடுங்க. கூட்ட முடியாது, இதயம் தாங்காது. இனிமே அதிகமா எதிர்பார்க்காதீங்க."

என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "நான்தான் எலுமிச்சம்பழம் அறுத்துக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மனதில் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்திருக்கும், மாத்திரை போதவில்லையோ, வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமோ என்று. அந்த அலைச்சலை அன்றைக்கு முடித்து வைத்தது என் ரத்தம்தான். அதை யாரிடமும் நான் சொல்லிக் காட்டியதில்லை.

அவர் மாதாமாதம் மாத்திரை வாங்கி வந்தார். நான் தினமும் சாக்கடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். மார்கழியில் எங்கள் பக்கம் பனி கொட்டும். அத்தையிடம் ஒரு வார்த்தை மட்டும் மிச்சம் இருந்தது. "குளிருது" என்பார். கம்பளியில் ஆட்டு மயிர் நாற்றம் அடித்ததால் அதை ஊறவைத்திருந்தேன். அந்தப் பனியில் காய நாளாகும். "குளிச்சா சரியாயிடும்ங்க அத்தை" என்று தலைக்கு ஊற்றுவேன். ஒரு நாளும் அவரை அழுக்காக விட்டதில்லை. வேண்டுமானால் பெரியம்மாளைக் கேளுங்கள்.

போகிக்கு முதல் நாள் வீடு முழுவதையும் கழுவினேன். பாய், கட்டில், மூட்டை எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் காரிமங்கலம் சந்தைக்குப் போயிருந்தார். அத்தையைக் கழுவிய சிமெண்டுத் தரையில் படுக்க வைத்துவிட்டுக் கட்டில் கயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "குளிருது" என்ற குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை. நான் திரும்ப வந்து அவரைச் சுற்றித் தரையைத் துடைத்தேன். அது எப்போது நடந்தது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியாது. உடம்பைத் தொட்டுப் பார்த்து அறிந்துகொள்ளவும் வழியில்லை. அவர் முன்பே குளிர்ந்துதான் இருந்தார்.

பெண்கள் வந்தார்கள். "பெத்த மககூட இப்படிப் பாத்திருக்காது" என்று பெரியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அவர் ரத்தத்தில் குறையில்லை, டாக்டரே சொன்னார், காலம்தான் முடிந்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கு ஆறுதலாக இருந்தது.

உடம்பைக் குளிப்பாட்ட யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். நான் வருகிறேன் என்றேன். அத்தனை பேர் முன்னால் எனக்குக் கூச்சம் வரவில்லை. எண்ணெய் வைத்தேன். சீயக்காய் தேய்த்தேன். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், விரல் இடுக்கில் எல்லாம் தேய்த்தேன். எனக்குக் குமட்டவில்லை. துளிகூடக் குமட்டவில்லை. வாயை ஈரத் துணியால் துடைத்து உலர்த்தினேன். அதிலிருந்து இனி எதுவும் வராது என்று தெரிந்தபோது என் உடம்பெல்லாம் இளகியது. நான் குனிந்து அத்தையின் வாயில் முத்தம் கொடுத்தேன். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து நானாகக் கொடுத்த முதல் முத்தம்.

பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் ஓவென்று அழுதார்கள். இவ்வளவு பாசத்தை அவர்கள் எந்த மருமகளிடமும் பார்த்ததில்லையாம். அவர்கள் சொன்னது உண்மைதான். அத்தைமேல் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. அவரிடம் இருந்த உயிர் ஒன்றுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.